எங்கள் பூத்தில் விழுந்த ஒரு ஓட்டு

ஷூ கம்பெனிகளுக்கு லீவு விட்டால் ஆம்பூர் வேறு ஊராகிவிடும். நகராட்சித் தேர்தலன்று காலையில் எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் வரவில்லை. சங்கு ஊதவில்லை. தோல் வாடைகூடக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றதுபோல இருந்தது. ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தபோது, இன்னும் விழிக்காத யாரோ ஒருத்தியின் தூக்கத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

எங்கள் வார்டில் மூன்று பேர் நின்றார்கள். இருவர் பெரிய கட்சிக்காரர்கள். மூன்றாவது ஆள், அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை; கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைக்கும் லைனில் எனக்கு இரண்டு மெஷின் தள்ளி உட்காருபவள். எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை வரும் குடிதண்ணீருக்காக அவள் எழுதாத மனு இல்லை. எழுதிச் சலித்துப்போய், நாமே நின்றால் இன்னா என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கேட்டாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. வேட்புமனுவில் முன்மொழிபவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அவள் கேட்ட சின்னம் குழாய், கிடைத்தது சீப்பு. வேனில் வரும் பெண்கள் ஒரு வாரம் தலையில் சீப்பைச் செருகிக்கொண்டு வந்தார்கள்.

கட்சிக்காரர்களில் ஒருவர் முன்பும் கவுன்சிலராக இருந்தவர். இருந்த காலத்தில் எங்கள் தெருப் பக்கமே வராதவர். மற்றவர் ஜெயித்துவிடுவாரே என்றுதான் பயம். அவருடைய ஆட்கள் சாயங்காலமானால் பள்ளிக்கூட ரோட்டில் பைக்கை நிறுத்தி உட்கார்ந்துகொள்வார்கள். பெண் பிள்ளைகள் வேறு தெரு சுற்றித்தான் வீட்டுக்கு வரும். தேர்தல் நெருங்க நெருங்க, வராதவரே ஜெயிக்கட்டும் என்று தெருப் பேச்சு மாறியது. சீப்புகள் ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து காணாமல் போயின.

என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்.

“அக்கா நல்லவங்கதான். ஆனா அவங்களுக்குப் போட்டா ஓட்டு பிரிஞ்சி அந்தாளு வந்துடுவான். அப்பறம் பொம்பளப் புள்ள வெச்சிருக்கறவங்க இன்னா பண்றது?”

அவர் சொன்னது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

எங்களுக்குப் பெண்கள் பூத் தனி. நாலாம் வகுப்பு அறை. ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்து, கரும்பலகையில் அழிந்தும் அழியாமலும் இருந்த ஒரு கணக்கின்மேல் படிந்திருந்தது. விரலில் மை வைத்த டீச்சரின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்டது. அட்டை மறைப்புக்குள் குனிந்து நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மகள் அந்த ரோட்டில் பையை மாரோடு அணைத்துக்கொண்டு நடப்பது தெரிந்தது. அதன்கூடவே, மனுத்தாளைத் தொடைமேல் வைத்து அக்கா எழுதுவதும் தெரிந்தது. நல்லவள் என்று தெரிந்த ஒருத்தியின் பெயர் கண்ணெதிரே இருக்கும்போது, அதைத் தாண்டி விரலைக் கொண்டுபோக என்னால் முடியவில்லை. சீப்பை அழுத்தினேன். மெஷின் நீளமாகக் கத்தியது.

வராதவர் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அன்று நான் முதலில் விட்டது நிம்மதிப் பெருமூச்சுதான். பிறகுதான் அக்காவின் கணக்கு காதில் விழுந்தது. ஆண்கள் பூத்தில் ஏதோ கொஞ்சம். பெண்கள் பூத்தில் ஒன்று.

அந்த ஒன்று அக்கா தனக்குத்தானே போட்டுக்கொண்டது என்று ஊரே முடிவு செய்தது. அப்படியானால் முன்மொழிந்தவளே போடவில்லை என்றுதானே அர்த்தம். வேனில் என் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. கையெழுத்து போட்ட கையாலேயே குழி தோண்டினாள் என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. என் ஓட்டை மெஷின் முழுங்கிவிட்டதா என்று நான் இரண்டு நாள் பைத்தியம்போல யோசித்தேன். தூங்கினால் தையல் மெஷின்கள் எல்லாம் அந்த நீளமான சத்தத்தில் கத்தின. மூன்றாம் நாள், ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, சட்டென்று விளங்கியது. மெஷின் எதையும் முழுங்கவில்லை. அந்த ஓட்டு என்னுடையது. அக்காதான் போடவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும் அல்லவா! தெரிந்தும், வேனில் என் காதுபட அத்தனை பேரும் பேசியபோது வாயை மூடிக்கொண்டு வந்தாளே என்று கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டால் அவள் முகம் என்னவாகும்? நானும் சும்மா இருந்தேன். இப்படியே ஒரு வாரம் போனது.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, வேன் ரயில்வே கேட்டில் நின்றபோது, அக்கா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் காட்டினாள்.

“அந்த ஒரு ஓட்டு இவ போட்டது. என்னுது இல்ல. நான் எனக்குப் போடல.”

ரயில் போய்க்கொண்டிருந்தது. அது முழுக்கப் போய் முடியும்வரை அவள் கம்பியை விடாமல் நின்றாள். பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். பூத்துக்குள் போனதும், தன் ஒரு ஓட்டு பிரிந்து அந்த ஆள் ஜெயித்துவிட்டால் இந்தத் தெருப் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தாளாம். தேர்தலில் நின்றவளே, வராதவருக்குப் போட்டுவிட்டு வந்தாளாம்.

“இவளப் பேசும்போது சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சி. அதான் சொல்லல.”

பின் சீட்டில் ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி, நானும் சீப்புக்குன்னு நினைச்சிக்கிட்டுதான்க்கா உள்ள போனேன் என்றாள். அக்கா வந்து என் பக்கத்துக் காலி சீட்டில் உட்கார்ந்தாள். வேன் குலுங்கும்போதெல்லாம் அவள் தோள் என் தோளில் பட்டது. கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் புதிய மனுவோடு ஜெயித்தவரின் வீட்டுக்குப் போனாள். உங்களை எதிர்த்து நின்றேன், ஆனால் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன், அதனால் கேட்கிற உரிமை இருக்கிறது என்றாளாம். அவர் நம்பவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாராம். சிரித்துவிட்டு மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்துப் பாதித் தெருவுக்குக் குழாய் போட்டார்கள். அக்கா வீட்டோடு நின்றுவிட்டது. என் வீடு அதற்கு நாலு வீடு தள்ளி. விடிகாலையில் குடத்தோடு அவள் வாசலுக்குப் போகிறேன். பனியில் தெரு பாதி அழிந்து கிடக்கும். நாங்கள் தறிகெட்டு ஓடும் மெஷினைப் பற்றியும் புது சூப்பர்வைசரைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம். தண்ணீர் நிரம்பும்வரை அவள் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள்.