யானைக்குள் ஒரு சீட்டு

நான் வேலை பார்த்த விமான நிறுவனத்தின் கடைசிப் பெரிய விமானத்தையும் உடைத்துவிட்டார்களாம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் போன வாரம் படம் அனுப்பியிருந்தார். மூக்கு தனியாக, வால் தனியாகக் கிடந்தது. "நம்ம யானை போச்சு சார்" என்று எழுதி, கீழே ஓர் அழுமூஞ்சிப் பொம்மையும் போட்டிருந்தார். அந்த விமானத்துக்காக அழ என்னிடம் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

யானை என்று பெயர் வைத்ததே நாங்கள்தான். அப்போது நான் சென்னை விமான நிலையத்தில் பயணிகள் கவுன்ட்டரில் இருந்தேன். அதுவரை எங்களிடம் இருந்தவை எல்லாம் நடுவில் ஒரே நடைபாதை உள்ள ஒல்லி விமானங்கள். இது வந்தபோது உள்ளே இரண்டு நடைபாதை, வரிசைக்கு எட்டு இருக்கை. விருத்தாசலத்திலிருந்து வேலைக்குப் போன எனக்கு அது கல்யாண மண்டபமாகத் தெரிந்தது. ஆனால் மண்டபத்தை நிரப்ப ஆள் இல்லை. பம்பாய்க்கும் டெல்லிக்கும் பாதி காலியாகவே போய்வந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று சிரித்துக்கொள்வோம்.

எங்களுக்கு அதில் ஒரு லாபம் இருந்தது. ஊழியர் குடும்பத்துக்கு ஸ்டாஃப் டிக்கெட் என்று ஒன்று உண்டு. கிட்டத்தட்ட ஓசி. காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு இடம் மிஞ்சினால்தான் நமக்கு. யானையில் எப்போதும் மிஞ்சியது. தங்கையைப் பம்பாயில் கட்டிக்கொடுத்திருந்தோம். நானும் மனைவியும் அம்மாவும் அப்படியே பலமுறை போய்வந்தோம். அப்பா மட்டும் ஏறியதில்லை. காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிற ஊழியரைக் கேண்டீனில் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள். அந்தக் கேலியில் என் குரல்தான் உரக்கக் கேட்கும்.

நிறுவனம் மெல்ல விழித்துக்கொண்டது. பம்பாய்க்குப் போன இரண்டு சின்ன விமானங்களை நிறுத்திவிட்டு, அந்தக் கூட்டத்தையும் யானையில் ஏற்றியது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களும் பம்பாய் போய் விமானம் மாறுவதற்கு அதிலேயே வந்தார்கள். காலி இடம் குறைந்துகொண்டே வந்தது. தினமும் ஆட்களை எண்ணுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். பழக்க தோஷம் விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தங்கைக்கு மஞ்சள் காமாலை முற்றியது. அம்மா முன்பே அங்கே போயிருந்தார். தங்கை கணவர் என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்குது. எப்படியாச்சும் சீக்கிரம் அனுப்பிடுங்க மச்சான்" என்றார்.

அப்பா விருத்தாசலம் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேப்பூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று பிடித்து, மறுநாள் மதியம் கையில் ஒரு மஞ்சள் பையோடு விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். "நம்ம பிளேன்தாம்ப்பா. இங்கேயே ஒக்காருங்க, நானே வந்து கூப்புடுறேன்" என்று ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். "சரிப்பா, ஒனக்கு எது தோதோ அப்படிச் செய்யி" என்றார்.

அப்போது ஒன்பது சீட்டு இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆறு. பக்கத்து மேசையிலேயே டிக்கெட் விற்றார்கள். எழுந்து போய் ஒன்று வாங்கியிருக்கலாம்; என் பையில் பணம் இருந்தது. மேலதிகாரியும் நண்பர்களும் அங்கேயே நின்றார்கள். இவனே காசு கட்டுகிறான் பார் என்பார்களே என்று கூசினேன். இரண்டு சீட்டாவது மிஞ்சும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசி சீட்டை வாங்கியவருக்குப் போர்டிங் கார்டு கொடுத்தவனும் நான்தான்.

"சீட்டே இல்லப்பா, ஃபுல்லாயிடுச்சு" என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சாயங்காலம் பம்பாய் ரயிலில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலையில் தங்கை இறந்துபோனாள். அன்று மதியம் நான் யானையில் போனேன். ஸ்டாஃப் டிக்கெட்தான். அன்றைக்குப் பார்த்து இருபது சீட்டு காலி. அப்பா இன்னும் ரயிலில் வந்துகொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் விடிந்ததும் தாதர் ஸ்டேஷனில் அவருக்காக நின்றேன். என்னைப் பிளாட்பாரத்தில் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இறங்காமல் வாசலிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள்.

துக்கம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "பிளேன்ல சீட்டே இல்லன்னுட்டாங்க" என்றார். நானும் தலையாட்டினேன். அவர் நம்பிவிட்டார் என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

புது விமானங்கள் வந்ததும் யானையின் மவுசு போனது. சீசனுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றினார்கள். பிறகு சீட்டுகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றினார்கள். கழற்றிய சீட்டுகளை ஷெட்டுக்கு வெளியே வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் காலி சீட்டுகள். நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன். கடைசியில் ஒரு மூலையில் நிறுத்தி, மற்ற விமானங்களுக்கு வேண்டியதை அதிலிருந்து கழற்றினார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். மனிதருக்கு அப்படி இல்லை.

இப்போது நான் விருத்தாசலத்தில் அப்பாவின் வீட்டில் இருக்கிறேன். படம் வந்த மறுநாள் தங்கை மகள் பம்பாயிலிருந்து பேசினாள். அவள் அம்மா இறந்தபோது அவளுக்கு எட்டு வயது. என்ன வேகமோ, சொல்லிவிட்டேன். "அன்னிக்கு பிளேன்ல சீட்டு இருந்துச்சும்மா. நான்தான் காசு கட்டி எடுக்கல."

"தெரியும் மாமா. நான் காலேஜ் படிக்கிறப்ப தாத்தா சொன்னாரு. அவரு ஒக்காந்திருந்த எடத்துக்கு எதிர்லதான் டிக்கெட்டு வித்தாங்களாம். ஒவ்வொருத்தரா வாங்கிட்டுப் போறதைப் பாத்துக்கிட்டே இருந்தாராம். அவரு இடுப்புலயும் பணம் இருந்துச்சாம்."

"அப்புறம் ஏம்மா எங்கிட்ட கேக்கல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அவன் கூப்புடுறேன்னு சொல்லியிருக்கான். நான் எழுந்து போயி காசு கட்டுனா, வேலை பாக்குற எடத்துல எம்புள்ளைக்கு அசிங்கமில்லையா'ன்னாரு மாமா."

தங்கை போனபின் பதினெட்டு வருஷம் அப்பா என்னோடுதான் இருந்தார். தினமும் ராத்திரி சேர்ந்துதான் சாப்பிட்டோம்.