குளிர் அறையில் சாம்பிராணி

சம்பந்தமூர்த்தி குருக்கள் கருவறையில் ருத்ரம் சொன்னால் கொடிமரத்தடியில் நிற்பவர்களுக்கும் கேட்கும். வீடு, நிலம் என்று அப்பா எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. குரலைத்தான் கொடுத்துவிட்டுப் போனார். அது பங்குனி முடிவில் கம்மத் தொடங்கியது. சித்திரை வசந்த உற்சவத்தில் பூஜை முறை அவருடையது. அதற்குள் தொண்டை திறக்காவிட்டால், மந்திரம் சொல்லச் சித்தப்பா பிள்ளை சுந்தரேஷைத்தான் கூப்பிட வேண்டும்.

பகலெல்லாம் வாங்கிய வெயிலை மலை இரவு முழுக்கக் கக்கும் ஊர். மாடி அறையில் அப்பா புழுங்கிக் கிடந்ததைப் பார்த்த மகன் உமேஷ், மாசியில் பெங்களூரிலிருந்து வந்து ஏசி மாட்டிவிட்டுப் போனான். சுவாமி அலமாரியும் அதே அறையில்தான். அவர் மனைவி மங்களாம்பிகை பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டி ஜன்னல் இடுக்குகளில் அடைத்தாள். குளிர்ச்சி வெளியே போகக்கூடாது. ஏசி பற்றி அவளுக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான்.

காலையில் எழுந்தால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மிளகுப் பால், சித்தரத்தை, டாக்டர் கொடுத்த மாத்திரை, எதற்கும் தொண்டை மசியவில்லை.

"ஏசியைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தா என்ன?" என்றார்.

"ஆசையா வாங்கி மாட்டியிருக்கான். நிறுத்திட்டோம்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவான்."

அவருக்கும் தூக்கம் வேண்டியிருந்தது. பேச்சு அதோடு நின்றது.

ஒருநாள் சுந்தரேஷ் வந்தான். அண்ணா பேச முயன்று இருமுவதைப் பார்த்தான். "அண்ணா குரல் ஊட்டிக்குப் போயிருக்கு மன்னி. சீசன் முடிஞ்சாத்தான் கீழே இறங்கும்."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரலைக் கேட்டு வாயைப் பிளந்தவர்கள் கொஞ்சமா? திருஷ்டிதான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் மிளகாய் வற்றல், கடுகு, உப்பு மூன்றையும் அவருக்குச் சுற்றித் தணலில் போட்டாள். மேலே ஒரு கை சாம்பிராணி. கதவு சாத்தியே இருந்தது. போக வழியில்லாத புகை ஏசிக்குள் போய், குளிர்ந்து, திரும்பி அவர்கள் மேலேயே இறங்கியது.

"நெடி தாங்கலைடி," என்று இருமினார்.

"திருஷ்டி கழியறதுன்னா. பொறுத்துக்கோங்கோ."

உற்சவத்துக்கு முதல் நாள், அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது, ஏசியில் காற்று குறைந்துவிட்டது என்று மகனுக்குப் போன் செய்தாள்.

"ஃபில்டரைக் கழுவவே இல்லையாம்மா? முன்பக்கத்தைத் தூக்கினா வலை மாதிரி இருக்கும். உருவி எடு."

ஸ்டூலில் ஏறி உருவினாள். வலைக்கண்கள் அடைந்து, கருப்பாகப் பிசின் படிந்திருந்தது. விரலில் ஒட்டியதை முகர்ந்தாள். சாம்பிராணி. கூடவே மிளகாய்க் காரம் மூக்கில் ஏற, அவளுக்கே இருமல் வந்தது. இறங்கிக் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, ஜன்னலில் அடைத்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அனல் காற்று உள்ளே வந்தது.

உச்சிக்கால பூஜை முடிந்து அவர் வந்தார். பாதி சங்கல்பத்தில் குரல் அடியோடு அடைத்துவிட்டது என்பதைக் கையாலேயே காட்டினார். அவள் வலையை நீட்டினாள்.

"ஏசியை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லைன்னா. நான் போட்ட புகையும் இதுல இருக்கு. தினமும் உங்களுக்கு அதையே ஊட்டியிருக்கேன்."

அவர் வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சாத்திண்டு படுத்தது ரெண்டு பேரும்தானே," என்றார். காற்றுதான் வந்தது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "சுந்தரேஷைக் கூப்பிடு. நீயே பேசிடு."

போனை எடுத்ததும் சுந்தரேஷ் உற்சாகமாக, "சொல்லுங்கோ மன்னி. ஊட்டி பஸ் வந்துடுத்தா?" என்றான்.

"நாளைக்கு நீதான்ப்பா மந்திரம் சொல்லணும்."

சுந்தரேஷ் கேலியை விட்டான். "அண்ணா கூட நிப்பாரோல்லியோ?" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"நிப்பார்," என்று போனை வைத்தாள். குரல் திரும்ப எத்தனை நாளாகும், முழுதாகத் திரும்புமா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. வலையைக் கழுவ அவள் குழாயடிக்குப் போனாள். அவர் பின்னாலேயே வந்து குழாயைத் திறந்துவிட்டார்.