கவிழ்த்த வாளிகள்

இன்று பாக்கார் ஆராங் சிவப்பு விளக்கில் ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லோரி ஒன்று எங்கள் காருக்கு முன்னால் நின்றது. அந்தப் புளித்த நாற்றம் உள்ளே வந்ததும், லூனாஸ் பக்கம் இப்போது செம்பனை மரங்கள் நிற்கும் இடத்தில் அன்றிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து ஜெப வீடு நினைவுக்கு வந்தது. மரத்தில் இறக்கிய பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த பெண்கள் நேராக அங்கேதான் வருவார்கள்; கொடுத்த பால் இனி நம்முடையதல்ல என்று ஸ்டோரில் வாளியைக் கவிழ்ப்பதுபோலவே, ஜெபம் முடிந்ததும் கவலையைக் கொடுத்தாயிற்று என்று ஜெப வீட்டு வாசலிலும் வாளியைக் கவிழ்த்து வைப்பார்கள்.

அப்பா இருமி இருமி ரத்தம் துப்பிக் கிடந்த மாதங்களில் அம்மா தினமும் கவிழ்த்தார், தினமும் அழுதார்.

"ஆண்டவர்கிட்ட குடுத்துட்டேன்னு சொல்ற, அப்புறம் என்னா அழுவுற லா?" என்று பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா சீண்டுவார்.

"பாலக் குடுத்துட்டாலும் கை நாறத்தானேக்கா செய்யுது."

அப்பா பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள், ஜெப வீட்டின் தகரக் கூரையில் மழை அடிக்க, அம்மா எங்களுக்காக ஜெபித்துவிட்டு மறுபடியும் வாளியைக் கவிழ்த்தார்.

என் மனைவியின் மார்பிலிருக்கும் கட்டி என்னவென்று சொல்ல இன்று சுங்கைப் பட்டாணி மருத்துவமனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வாய்விட்டு ஜெபிக்க வராது. ஸ்டீரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்தேன். விளக்கு பச்சையாகும்வரை நான் அவற்றைத் திருப்பவில்லை.