பெஞ்சில் எனக்கு இடமில்லை

கேளம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டின் சமையலறை ஆணியில் ஒரு பச்சை வயர் கூடை தொங்குகிறது. கைப்பிடி அறுந்து, வேறு வேறு நிற வயரால் மறுபடி முடைந்த பழைய கூடை. ஒரு கூடையின் மேல் ஒருத்திக்கு இத்தனை வருஷம் வயிற்றெரிச்சல் இருக்குமா என்று கேட்பீர்கள். எனக்கு இருக்கிறது.

மாமல்லபுரம் தாண்டி, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே இருந்த பெண்பிள்ளைகள் இல்லத்தில் என் அம்மா வார்டன். அப்பா போன பிறகு அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. அவளுக்கு ஓர் அறை உண்டு. எனக்கோ மற்றப் பிள்ளைகளோடு நீளக் கூடத்தில் ஒரு பாய். வரிசையில் நின்றுதான் தட்டை நீட்டுவேன். அவளை நானும் 'வார்டனக்கா' என்றே கூப்பிட வேண்டும். "ஒருத்தி மட்டும் அம்மான்னா, மத்ததுங்க மனசு இன்னா பாடு படும்?" என்பாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று அவளைப் புகழாதவர்கள் இல்லை. எனக்குப் பழமொழி என்றால் உயிர். சந்தையிலும் ஷேர் ஆட்டோவிலும் காது கொடுத்துக் கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த ஒன்று மட்டும் ஆகாது. தானே வளர்ந்த அந்தத் தன் பிள்ளை நான்தானே!

மாதக் கடைசி ஞாயிறு, சொந்தக்காரர்கள் பார்க்க வரும் நாள். புன்னை மரத்தடி சிமெண்டு பெஞ்சில் சித்தியும் மாமனும் உட்கார்ந்து பேசுவார்கள். ஆள் வராத பிள்ளை குளியலறைப் பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். அதற்குத்தான் அம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வெளியூர் போகிற புடவையைக் கட்டி, இந்தக் கூடையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியே போவாள். தோப்பைச் சுற்றி முன்கேட்டுக்கு வருவாள். வாட்ச்மேன் அவளை முன்னே பின்னே பார்த்திராதவர்போல, "யாரப் பாக்கணும்மா?" என்பார். ஆள் வராத ஒரு பிள்ளையின் பேரை அவள் சொன்னதும், "உனுக்கு ஆள் வந்துகீது, ஓடியா!" என்று உள்ளே குரல் கொடுப்பார். எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தியும் சிரிக்க மாட்டாள். மற்ற நாளில் ஒரு மிட்டாயைக்கூடக் கடித்துப் பங்கு போடும் நாங்கள், பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு வந்த கடலை உருண்டையில் பங்கு கேட்க மாட்டோம். அது அவளுக்கு மட்டும்.

அம்மா அதிகம் பார்க்க வந்தது, கோவளத்துக்காரி என்று நாங்கள் கூப்பிட்ட பிள்ளையைத்தான். அவளுக்கென்று யாருமே இல்லை. பெஞ்சில் அவளை முன்னால் உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, நிதானமாகச் சிக்கெடுத்து மறுபடி பின்னுவாள். என் தலையைப் பெரிய பிள்ளைகள் வெடுக் வெடுக்கென்று வாரிவிடுவார்கள்.

ஒரு ஞாயிறு முகம் கழுவி, பவுடர் போட்டு, நானே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மா கேட்டுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு நொடி தயங்கினாள் என்றே இன்னமும் நம்புகிறேன். பிறகு கோவளத்துக்காரியின் பேரைச் சொன்னாள். அவள் ஓடி வந்து இடுப்பில் கை வைத்தாள். "உனுக்கு இன்னாடி, உள்ளயே ஆத்தா கீது. நீ எதுக்கு இங்க குந்திகினு கீற? நவுரு!" அம்மா கூடையைப் பெஞ்சின் மேல் வைத்தாள். நான் எழுந்தேன். கடற்கரை மணலில் போய் உட்கார்ந்த பிறகும் வெல்லப்பாகு வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை.

இப்போது அப்படிப்பட்ட பெரிய இல்லங்கள் குறைந்துவிட்டன. பிள்ளை சொந்தக்காரர் வீட்டிலேயே வளரட்டும், உதவியை அங்கே அனுப்பலாம் என்கிறார்கள். நியாயம்தான். எங்கள் இல்லத்தையும் மூடி, அந்த இடத்தில் ரிசார்ட் கட்டிவிட்டார்கள். புன்னை மரத்தடியில் கார்கள் நிற்கின்றன. அங்கே வளர்ந்தவர்கள் தாய்வீடு என்று வருவது என் ஃப்ளாட்டுக்குத்தான். சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் நாஸ்தா கடை நடத்தும் கோவளத்துக்காரி கடைசி ஞாயிறு தவறமாட்டாள். பெல் அடிக்கமாட்டாள். வாசலிலேயே "எம்மா!" என்பாள். நான் வருஷக்கணக்கில் தொண்டையில் அடக்கிவைத்த சொல் அது. அம்மாவும் சீப்பை எடுத்துக்கொண்டு அவள் நரைத்த தலைக்குச் சிக்கெடுக்க உட்கார்ந்துவிடுவாள்.

போன மாதம் எனக்குத் தாங்கவில்லை. காபி டம்ளரை நங்கென்று வைத்தேன். "எனக்கு ஒரு ஞாயிறாவது வந்தியாம்மா நீ?"

"நீ எங்கூடவே தானேடி இருந்த?"

"கூட இருந்தா ஆச்சா?"

கோவளத்துக்காரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து உள்ளே போனாள். நான் டம்ளர்களைக் கழுவி முடித்து நிமிர்ந்தபோது ஆணியில் கூடை இல்லை. வீட்டில் அம்மாவும் இல்லை.

காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். வெளியூர் போகிற புடவையில், வலிக்கும் முட்டியோடு சுவரைப் பிடித்தபடி அம்மா நின்றாள். கையில் கூடை.

"யாரப் பாக்கணும்மா?" எனக்குப் பின்னாலிருந்து, வாட்ச்மேன் குரலில் கோவளத்துக்காரி கேட்டாள்.

"எம் பொண்ணு ஒண்ணு இங்க கீதாம். அத்தப் பாக்க வந்துகீறேன்."

நான் போய் சோபாவில் உட்கார்ந்தேன். அம்மா மூச்சு வாங்கியபடி பக்கத்தில் அமர்ந்து கூடையிலிருந்து கடலை உருண்டைப் பொட்டலத்தை எடுத்தாள். கீழ்க் கடையில் வாங்கியது. பிறகு என் கொண்டையை அவிழ்த்தாள்.

"எனுக்கு ஒண்ணு குடுடி" என்று கோவளத்துக்காரி கை நீட்டி, சோபா ஓரத்தில் குந்தப் பார்த்தாள்.

பொட்டலத்தைக் கூடையில் போட்டு, கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"நவுரு" என்றேன்.