பரீதா அக்கா வீட்டு ட்ரிப் சுவிட்ச்

கிண்ணியாவில் கலியாணம் பேசி முடித்த கையோடு சனம் தேடிப் போவது பரீதா அக்காவைத்தான். அவர் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் இல்லாத விருந்தைப் பற்றி ஊர் ஒரு வருடத்துக்குக் கதைக்கும். ஐம்பது வயது, உரத்த குரல், காலில் எப்போதும் றப்பர் செருப்பு. சமையல் செய்யும் குசினியின் சீமெந்துத் தரை எந்நேரமும் ஈரமாய்க் கிடப்பதால் வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றமாட்டார். மீன்காரர் முதல் காஸ் அடுப்பு வரை அவரிடம் திட்டு வாங்காதது அந்த வீதியில் ஒன்றுமில்லை. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

நான் வினோஜன், சல்லியைச் சேர்ந்த வயரிங் வேலைக்காரன். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து வீட்டுக் கரண்டை அறுத்துவிடும் ட்ரிப் சுவிட்சை அவர் வீட்டில் பூட்டியவன் நான்தான். அது வந்த நாளிலிருந்து அதோடும் அவருக்குச் சண்டை. அதற்கு ‘மாமி’ என்று பெயரே வைத்துவிட்டார். காலமாகிவிட்ட அவருடைய மாமி, கணவரின் தாய், எதற்கெடுத்தாலும் மயங்கி விழுவாராம். இதுவும் அப்படியே விழுகிறதாம்.

போன மாதம் மூதூர்க் கலியாணம் ஒன்றுக்கு முந்நூறு கிண்ணம் வட்டிலப்பம் கேட்டிருந்தார்கள். அந்த வெக்கையில் அவ்வளவையும் கெடாமல் வைக்கத் தோப்பூரிலிருந்து ஒரு பழைய பெரிய ஃப்ரீசரை இறக்கினார். பிளக்கைக் குத்தினார். டக்! வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மறுபடி குத்தினார். மறுபடியும் டக்!

நான் நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் ஏணிமேல் நின்றபோது போன் வந்தது.

“வினோஜன் தம்பி! மாமிக்குப் பைத்தியம் பிடிச்சிட்டு. உடனே வந்து வேற மாத்தித் தாங்க!”

“அது ஃப்ரீசர்ல உள்ள பிழை அக்கா. உள்ளுக்க ஒரு வயர் தகரத்தில முட்டுது. கரண்ட் ஏர்த் வயரால நிலத்துக்குப் போகுது. போன கரண்ட் அப்படியே திரும்பி வரவேணும். குறைஞ்சா மாமிக்குத் தெரிஞ்சிடும், விழுவா. பின்னேரம் வாறன், அதுவரைக்கும் போடாதீங்க.”

“பின்னேரம் மட்டும் என்ட வட்டிலப்பம் புளிச்சிடாம நீங்களா விசிறுவீங்க?” என்று போனை வைத்துவிட்டார்.

அவர் பொறுத்திருப்பார் என்று நம்பியது என் மடத்தனம். வெயில் சாயும் நேரத்தில் மறுபடி போன். குரலில் பெருநாள்!

“தம்பி, சுகமாக்கியாச்சு! ஃப்ரீசர் ஓடுது, மாமி வாயே திறக்கல்ல! எங்கட அஸீம்தான் செய்தவன்.”

அஸீம் அவருடைய தம்பி. கையில் குறடு இருந்தால் எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்.

“என்ன செய்தவர்?”

“மூண்டு முள்ளு பிளக்க வெட்டிப்போட்டு ரெண்டு முள்ளு போட்டான். மேல் ஓட்டைக்குள்ள பேனையக் குத்தினதும் லேசாப் போயிட்டு.”

எனக்கு உச்சந்தலை சூடேறியது. அந்த மேல் ஓட்டைதான் ஏர்த்தின் வீடு. அதில் ஏர்த் முள் ஏறினால்தான் மற்ற இரண்டு ஓட்டைகளின் மூடி திறக்கும்; இரண்டு முள் பிளக்குக்காக அதில் பேனை குத்தாத வீடு நம் பக்கத்தில் குறைவு. இப்போது கசியும் கரண்டுக்குப் போக வழியில்லை. அது ஃப்ரீசரின் தகரம் முழுக்கப் பரவி, யாராவது தொடட்டும் என்று காத்திருக்கும். எதுவும் குறையாதபடியால் சுவிட்சும் பேசாமல் இருக்கும்.

“அக்கா, அதைத் தொடாதீங்க! பிளக்கைக் கழட்டுங்க!”

“ஏன் கத்திறீங்க? நான் மத்தியானத்தில இருந்து தொட்டுக்கொண்டுதான் இரிக்கன். ஒண்டும் செய்யல்ல!”

செருப்பு! அந்த றப்பர் செருப்புத்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சொல்வதற்குள், “அடுப்புல கருப்பட்டிப் பாணி பொங்குது” என்று வைத்துவிட்டார். பிறகு எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை.

மோட்டார் சைக்கிளை முறுக்கினேன். மஃரிப், அந்தித் தொழுகை நேரம், நெருங்கிக்கொண்டிருந்தது. தொழுகைக்கு முன் பரீதா அக்கா செருப்பைக் குசினி வாசலில் கழற்றிவிட்டு, முகம் கைகால் கழுவி வுளு எடுப்பார். ஈரக் கை, ஈர வெறுங்கால், ஈரத் தரை. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. அஸீம் ட்ரிப் சுவிட்சையும் கழற்றிவிட்டு வயரை நேரே கொடுத்திருந்தால்? ஓடாத மெஷினை ஓட வைக்க எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதும் அதுதானே! சீனன்குடா தாண்டும்வரை அஸீமையும் அவருடைய குறட்டையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன்.

கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. வாசல் படலையில் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு, “அக்கா, தொடாதீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

குசினி வாசலில் செருப்பு இருந்தது. உள்ளே முழங்கை வரை நீர் சொட்டச் சொட்ட பரீதா அக்கா நின்றார். ஃப்ரீசர் மூடி சரியாகப் பொருந்தவில்லை போலும். அமத்திவிட்டுத் தொழப் போகலாம் என்று, என் குரல் காதில் விழுமுன்பே கையை வைத்தார்.

ஒரு அலறல். டக்! வீடு இருண்டுபோனது.

ஒரு சத்தமும் இல்லை. பரீதா அக்கா, ஏதாவது கதையுங்கள்! ஒரே ஒரு சொல்!

“டேய் அஸீம்! மாடு! எங்கடா போயிட்டாய்?”

திட்டுகிறார்! உயிரோடு இருக்கிறார்! நான் சுவரில் சாய்ந்து சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் அவரைக் கதிரையில் இருத்தினேன்.

“மத்தியானத்தில இருந்து விழாத மாமி இப்ப ஏன் விழுந்தா?”

“ஏர்த் வயர் இருக்கேக்குள்ள நீங்க தொட முன்னமே விழுந்தா. அதை வெட்டின பிறகு உங்கட றப்பர் செருப்புத்தான் கரண்ட மறிச்சது; இப்ப வெறுங்காலோட நீங்கதான் அந்த வயர் அக்கா. உங்கட உடம்பால கரண்ட் போன பிறகுதான் அவவுக்குத் தெரிஞ்சது. அடியை அவவால தடுக்க ஏலாது. கெதியா, ஒரு நொடியில அறுத்துவிடத்தான் ஏலும்.”

வாசலில் வந்து நின்ற அஸீமின் முகம் வெளிறியிருந்தது.

“ராத்தா, மத்தியானம் மாமியையும் கழட்டவா எண்டு கேட்டனே… நீங்கதான் விடல்ல.”

நான் அக்காவைப் பார்த்தேன்.

“பின்ன? மாமியோட சண்டை பிடிக்கிறது நான். கழட்டி எறிய அவன் ஆரு?” என்றவர், மாமியும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று உறைக்கவே சட்டென்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வுளு எடுக்கப் போனார்.

வட்டிலப்பம் முழுவதும் அஸீம் ஓடிப்போய்க் கொண்டுவந்த ஐஸ் நிரப்பிய மீன்பெட்டிகளில் பத்திரமாக மூதூர் போனது. ஃப்ரீசரில் தோலுரிந்த வயரை மாற்றி, மூன்று முள் பிளக்கை நானே பூட்டினேன்.

இப்போதும் மாமி எப்போதாவது விழுகிறார். பரீதா அக்கா அவரைத் திட்டுவதில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு எனக்குப் போன் எடுக்கிறார்.

“தம்பி, மாமி கூப்பிடுறா. வேலையப் போட்டுட்டு வாங்க.”