கோர்படி வழியாக வேளாங்கண்ணி

வாக்குக் கொடுப்பதில் ஸ்டீபன் பெரிய வள்ளல். கேட்டவருக்கும் கொடுப்பார், கேட்காதவருக்கும் கொடுப்பார். மராத்தி ஊரான கோர்படியில், ரயில்வே காலனிப் பக்கம் அவரிடம் வாக்கு வாங்காத வீடு கிடையாது. ஒருவருக்குக் குழாய் மாட்டித் தருவதாக, இன்னொருவருக்குப் பெண் பார்த்துத் தருவதாக, கோயில் பாடற்குழுவுக்கு ஸ்பீக்கர் வாங்கித் தருவதாக. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருபது வருடமாக ஒரு நூல் பிசகாமல் வேலை செய்கிற ஃபிட்டர் அவர். கேட்டைத் தாண்டியதும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "ஆயிரும், கவலப்படாதீய."

மனிதர்களை விடுங்கள், மாதாவையே காக்க வைத்தவர். மகள் ஜான்சி ஒன்றரை வயதில் நிமோனியாவில் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலிட்டு, பிள்ளை பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு வந்து மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டார். அன்று அழுத அழுகை பொய்யில்லை. பிள்ளை பிழைத்தது. பிறகு ஒரு வருடம் டிக்கெட் கிடைக்கவில்லை, ஒரு வருடம் லீவு கிடைக்கவில்லை, ஒரு வருடம் மச்சினன் கல்யாணம். பத்து வருடத்தில், காணிக்கையாகக் கொடுக்க வேண்டிய முடியே முக்கால்வாசி தானாகக் கொட்டிவிட்டது.

"நீங்க போறதுக்குள்ள மாதாவுக்குச் சீப்புதான் மிச்சம்" என்பாள் மனைவி ஆரோக்கியமேரி. ஜான்சி மட்டும் நம்பினாள். ஒவ்வொரு ஏப்ரலிலும் "பப்பா, இந்த மே பக்கா?" என்று கேட்டுவிட்டுத் தன் பையில் துணி எடுத்து வைப்பாள். ஜூன் மாதம் அவளே எடுத்து அலமாரியில் அடுக்குவாள்.

இந்த வருடம் ஆறாம் வகுப்பு தேஜஸ்வினி மிஸ், சொன்ன சொல் காப்பதைப் பற்றிப் போஸ்டர் செய்து வரச் சொன்னார். உங்கள் வீட்டில் காப்பாற்றப்பட்ட வாக்கு ஒன்று வேண்டும், போட்டோ ஆதாரத்தோடு.

"பப்பா, நீங்க காப்பாத்துன ப்ராமிஸ் ஒண்ணு சொல்லுங்க" என்று சார்ட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள் ஜான்சி.

ஸ்டீபன் யோசித்தார். டீ ஆறி ஏடு கட்டியது.

"வேளாங்கண்ணியப் போட்ருவோம்."

"நாம போகவே இல்லையே?"

"போகத்தான போறோம்? கொஞ்சம் முன்னாடி எழுதுதோம், அவ்வளவுதான்."

"இது பொய்தான பப்பா?"

"பொய் இல்லட்டி, அட்வான்ஸ்."

செப்டம்பர் மாதம். கோர்படிக் கோயிலில் திருவிழாவுக்காக வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா சொரூபத்தை ஜோடித்திருந்தார்கள். ஸ்டீபன் சலூனில் மிச்சமிருந்த முடியை வழித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, மகளோடு போய் சொரூபத்தின் முன்னால் நின்றார். ஆரோக்கியமேரி தலையில் அடித்துக்கொண்டே படம் எடுத்தாள். பிரிண்ட் போட்ட படத்தின் மூலையில் காட்டிக்கொடுக்கும்படி விழுந்திருந்த மராத்தி வாழ்த்து ஃப்ளெக்ஸைக் கத்தரிக்கோலால் ஒரு நூல் பிசகாமல் நறுக்கியெடுத்தார் ஸ்டீபன். வேலை சுத்தம்.

சனிக்கிழமை காலை பள்ளியில் கண்காட்சி. போஸ்டர் முன்னால் தேஜஸ்வினி மிஸ் நின்றார். "எப்போது போனீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். அவ்வளவு பேச்சுப் பேசுகிற ஸ்டீபன் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். பிள்ளை திணறினால் மானம் போய்விடும்.

பிள்ளை திணறவில்லை. கணபதி பண்டிகை லீவில் போனோம், மிஸ். டிக்கெட்டே கிடைக்கவில்லை, பப்பா விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கினார். அலையில் என் செருப்பு ஒன்று போய்விட்டது. மொட்டை போடும்போது பப்பா அழுதார். ஜான்சி கண் இமைக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் உள்ளங்கையை விரித்து ஆட்டிய விதம்கூட அப்படியே ஸ்டீபனுடையது. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?

முதல் பரிசு அவளுக்குத்தான். "கொடுத்துவைத்தவர் நீங்கள். உங்களைப் பார்த்தே வளர்ந்திருக்கிறாள்" என்றார் மிஸ். ஸ்டீபன் கை தட்டினார். இரண்டு தட்டோடு கை நின்றது. பொய் சொன்னதற்காக அல்ல, அது அவருக்குப் பழகிய சங்கதி. இவளுக்கும் இவ்வளவு சுலபமாக வருகிறதே என்றுதான்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மெடலைத் தடவிக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜான்சி, வர்ற மே மாசம் சத்தியமா போறோம். புக்கிங் திறந்த அன்னைக்கே டிக்கெட் எடுத்துருதேன். நீ துணியெல்லாம் எடுத்து வை, என்ன?"

"எதுக்கு பப்பா?" என்றாள் ஜான்சி. "அதான் போய்ட்டு வந்தாச்சே."