சிவப்பு விளக்கு எரிந்த நாள்

துபாயில் இருக்கும் என் கணவர், திண்டிவனம் வீட்டு ஹாலில் மாட்டிய கேமரா வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வாசற்பக்கம் நகர்ந்தாலே போன் வரும்: "எங்க போய்க்கினு இருக்க?"

ஒருநாள் ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது, நெட் வரவில்லை. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று போனில் விரட்டினார். பலமுறை செய்தும் விளக்கு மாறவில்லை. உடனே நெட்காரரை அனுப்பினார்.

வந்தவர் பீரோவை நகர்த்திப் பார்த்தார். "ஃபைபர் வயரு மடங்கிக்கினு இருக்குதுக்கா. நிமித்தினா கேமராவும் ஜல்தியா வந்துடும்."

என்னையறியாமல் கேமராவை அண்ணாந்து பார்த்தேன். நெட்காரர் என் முகத்தைப் பார்த்தார். வயரைத் தொடாமல் என் கணவருக்குப் போன் போட்டார். "வெளியவே லைன் கட்டாயிருக்குது சார். நாளைக்குத்தான் ஆவும்."

அன்று ஹாலில் கால் நீட்டிப் படுத்து மல்லாட்டையை ஓடு உடைத்துத் தின்றேன்.

மறுநாள் அவர் வந்து வயரை நிமிர்த்தினார். எந்த இடத்தில் மடங்கினால் நெட் போகும் என்பதைப் பக்கத்தில் நின்று நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.